டத்தோவுக்கு இருமத் தெரியாது

அண்ணே,

இன்று காலையிலிருந்து உன் அறைச் சுவரில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி அழுதுகொண்டிருக்கிறது. சூட்டையும் ஈரத்தையும் காட்டுகிற பெட்டி. நீ படுத்தபடியே பார்க்க வசதியாக, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாயே, அதுதான். எண்களுக்குப் பக்கத்தில் ஒரு மூஞ்சி வரும். காற்று சரியாக இருந்தால் சிரிக்கும். ஈரம் ஏறினால் வாய் கீழே கோணிக்கொள்ளும். எந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நீ எத்தனையோ தடவை சொல்லியும் எனக்கு மனதில் நிற்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தே காரியம் நடத்துகிறேன்.

மலைக்குப் பின்னால் மேகம் கூடுகிறது. நம் குனோங் ராபாட்டில் மழை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். முதலில் சுண்ணாம்பு மலையின் வெள்ளை மங்கும். அப்புறம் மலையே காணாமல் போகும். அதற்கப்புறம் நம் கூரை. கொடியில் துணி கிடந்தது. அதை விட்டுவிட்டு முதலில் உன் அறைக்குத்தான் ஓடினேன். ஜன்னலைச் சாத்தினேன். சூடு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். டத்தோ கட்டிலுக்கு அடியில் இருந்தது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்து மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதுவரைக்கும் நிம்மதி.

போன மழைக்காலத்தில் இந்த வேலையெல்லாம் நீ செய்தாய். இந்த மழைக்காலம் என் கைக்கு வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இந்த வீட்டில் சொல்வதற்கு ஆள் இல்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அது வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. குவாரி வேலையை விட்ட பிறகும் நீ பழைய முதலாளி தவுக்கே வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டுவது, மோட்டார் காடி கழுவுவது என்று எதையாவது செய்துகொண்டிருந்தாய். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனது. போகிற அவசரத்தில் தவுக்கே மகன் தன் ஆமையை உன் கையில் கொடுத்துவிட்டான். மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் அதை வைத்து, தலைக்கு வெயில் படாமல் துண்டைப் போர்த்திக் கொண்டுவந்தாய். பானை மூடி அளவுக்கு இருந்தது. துண்டு விலகியதும் ஒரு கிழட்டு முகம் என்னை முறைத்தது.

"என்னண்ணே இது?"

"ஆப்பிரிக்காக்காரன் லா. மரியாதையா பேசு."

"ஆமையை யாராச்சும் வீட்டுக்குள்ள கொண்டாருவாங்களா? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். கெட்டது நடக்கும்பாங்க. நம்ம வீட்டுல இனிமே நடக்க என்ன பாப்பா இருக்கு? உனக்குப் புருசன் போயிட்டாரு, எனக்குப் பொண்டாட்டி போயிட்டா. டிவி பொட்டிகூட போன மாசம் போயிருச்சு."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வயதுக்கு அப்புறமும் என்னைப் பாப்பா என்று கூப்பிட உன்னை விட்டால் ஆள் கிடையாது. நீ இறக்கிவிட்டதும் அது கூடத்தின் நடுவே, தலையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எல்லாரும் எழுந்து நிற்பார்கள் என்ற நினைப்பில் நடப்பதுபோல் நடந்தது. "டத்தோ வாராரு, வழி விடு, கை தட்டு" என்று நீ நாற்காலியை நகர்த்தினாய். சுல்தான் கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களின் பேர், அன்றைக்கு அதற்கு ஒட்டிக்கொண்டது. உன் கால் செருப்பு எங்கே கிடக்கிறதோ அங்கே போய் அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கும். என் செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

வந்தது நல்ல வெயில் காலத்தில். தார் ரோடு பளபளவென்று மின்னுகிற வெயில். உனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆமை என்றால் குளிர்ச்சி உடம்பு, சூடு ஆகாது என்பது உன் கணக்கு. நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் சூடு, குளிர்ச்சி என்று ஒரு பக்கம் உண்டே. மாம்பழம் சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி, முருங்கைக்கீரை சூடு, இளநீர் குளிர்ச்சி. ஆமையைக் குளிர்ச்சிப் பக்கத்தில் சேர்த்துவிட்டாய். பின்கட்டில், துணி துவைக்கிற இடத்தில், எப்போதும் ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் அதற்கு இடம் போட்டாய். கோணிச்சாக்கை நனைத்து முதுகின்மேல் விரித்தாய். மதியம் ஒரு தடவை ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்தாய். வெள்ளரிக்காயும் தர்ப்பூசணித் தோலும் போட்டாய்.

"பாரு பாப்பா, எப்படிக் கண்ணை மூடிக்கிட்டு அனுபவிக்கிறாரு."

அதன் கண் வீங்கியிருந்தது. நாம் அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டோம்.

வெயில் போய் மழை வந்தது. ஒவ்வொரு நாளும் பிற்பகலில் வானம் இடிந்து விழுந்தது. சாக்கு காயவே இல்லை. அந்தச் சாக்கிலிருந்து ஒரு புளித்த வாடை வர ஆரம்பித்தது. பின்கதவைத் திறந்தால் கணுக்காலில் குளிர் ஏறும். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்தால் கீச்சென்று வருமே, அப்படி. நின்றது. மறுபடி வந்தது. குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். சாக்குக்கு அடியிலிருந்து வந்தது.

"அண்ணே, டத்தோ என்னமோ சத்தம் போடுது."

நீ வந்து குந்தி உட்கார்ந்து கேட்டாய். "பாடுறான் லா" என்றாய். ஆனால் உன் முகம் சிரிக்கவில்லை. அதன் மூக்கில் ஒரு சின்னக் குமிழ் வந்து, பெரிதாகி, உடைந்தது. நீ கட்டைவிரலால் துடைத்தாய். உடனே இன்னொன்று வந்தது.

அதற்கப்புறம் நீ செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நாம் இருந்த காலத்தில், குவாரிக்குப் போவதற்கு முன்னால், நீ புகைவீட்டில் வேலை செய்தாய். வெள்ளையாக, சொட்டச் சொட்ட வருகிற ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, அடியில் கட்டைகளைப் புகையவிட்டு, அவை பொன்னிறமாகும்வரை காய வைக்கிற வேலை. ஈரம் உள்ளே தங்கினால் பூசணம் பிடிக்கும். புகை போட்டால் பூசணம் கிட்டே வராது. உன் கைக்குத் தெரிந்த வைத்தியம் அது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

"பச்சப்பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தினா எதுக்குச் சாம்பிராணி காட்டுறோம்? சளி பிடிக்காம இருக்கத்தானே?"

"அது பிள்ளைக்கு அண்ணே."

"இவனும் பிள்ளைதான். கொஞ்சம் ஓடு சாஸ்தி."

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தாய். பக்கத்தில் ஓட்டை போட்டாய். பால் மாவு டின்னில் நெருப்பு போட்டு, காய்ந்த ரப்பர் கட்டைச் சில்லுகளைச் சேர்த்து, மேலே சாம்பிராணியைத் தூவி, அந்த ஓட்டைக்கு நேரே வைத்தாய். டத்தோவைப் பெட்டிக்குள் இறக்கி மூடியைச் சாத்தினாய். நடுநடுவே திறந்து பார்த்தாய். ஒரு தடவை நானும் எட்டிப் பார்த்தேன். புகைக்குள் அது நான்கு காலையும் ஊன்றி, கழுத்தை நீட்ட முடிந்த மட்டும் முன்னால் நீட்டி, வாயை அகலத் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

"கொட்டாவி விடுறாரு. தூக்கம் வந்துட்டா சளி எறங்கிடும்" என்றாய்.

அந்தக் கழுத்தையும் அந்த வாயையும் நான் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது, அண்ணே. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அது காலை உள்ளே இழுக்கவில்லை. தூக்கினால் தொங்கியது. நீ சட்டையைக்கூட மாற்றாமல் கூடையில் துண்டை விரித்தாய். ஈப்போ டவுனில் பிராணிகள் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். சின்னப் பெண். நம் ஆள்தான். பூனை வைத்திருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நம்மை முதலில் உள்ளே கூப்பிட்டாள்.

"எங்க வெச்சிருந்தீங்க அங்கிள்?"

"பின்னால, துணி தொவைக்கிற எடத்துல. குளுகுளுன்னு."

"தரை ஈரமா?"

"ஈரந்தான். மேல ஈரச் சாக்கும் போட்டேன். சூடு ஆகாதுல்ல?"

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறந்தாள். "இவன் காய்ஞ்ச தேசத்து ஆமை அங்கிள். தண்ணி ஆமை இல்ல. வெயில் இவனை ஒண்ணும் பண்ணாது, ஒதுங்க நிழலும் குடிக்கத் தண்ணியும் இருந்தாப் போதும். குளிரும் ஈரமும் ஒண்ணா சேர்றதுதான் ஆபத்து. வேற ஏதாச்சும் செஞ்சீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் பொகை போட்டேன்."

"பொகையா? எதுக்கு?"

"காய வைக்கத்தான் லா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். படம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். ஆமைக்கு நுரையீரல் முதுகு ஓட்டுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு இருக்குமாம். ஒரு பக்கம் கறுப்பாக இருந்தது. மறு பக்கம், மழை நாளில் நம் மலை தெரிகிற மாதிரி, வெள்ளையாக மூடிக் கிடந்தது. கறுப்புதான் காற்று என்றாள்.

"நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு. அதை இறுக்கித்தான் நாம இருமி, சளியை வெளிய தள்ளுறோம். ஆமைக்கு அந்தத் தசை இல்ல. இவனுக்கு இருமத் தெரியாது அங்கிள். உள்ள போன சளியும் பொகையும் உள்ளயேதான் கிடக்கும்."

அந்த நேரம் பார்த்து உனக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாய். மேசையில் இருந்த பேனா அதிர்ந்தது. அவள் ஆமையை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நெஞ்சை எப்போ காட்டினீங்க அங்கிள்?"

"நான் ஆமையைத்தானே கொண்டாந்தேன். என்னைக் கொண்டாரலையே."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் நெஞ்சு குவாரித் தூசியில் கெட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் எப்போதோ சொல்லியாகிவிட்டது. வாயில் அடிக்கிற மருந்து கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வை, காற்றாடியை முகத்துக்கு நேரே வை, புழுக்கத்தில் இருக்காதே என்றும் சொல்லியிருந்தார்கள். உன் இருமல் நம் வீட்டுக் கதவுச் சத்தம் மாதிரி எனக்குப் பழகிப்போயிருந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா வாசல்வரைக்கும் வந்தாள். "சத்தம் கேட்டா பயப்படுங்க ஆன்ட்டி" என்று என்னிடம் சொன்னாள். "சத்தம் இல்லாம வாயைத் தொறந்து கழுத்தை நீட்டினா, இன்னும் சாஸ்தியா பயப்படுங்க."

அப்புறம்தான் வீடு தலைகீழானது. டத்தோவுக்குச் சூடு வேண்டும். இரவும் மழையும் வந்தாலும் அறை குளிரக் கூடாது. தரையில் காய்ந்த புல் வேண்டும். காற்று நேராக அதன்மேல் அடிக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் ஈரத்தில் கிடக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, உடனே தூக்கித் துடைத்துவிட வேண்டும். கூடத்தில் வைக்கலாம் என்றால் அந்த அடுக்குக் கண்ணாடி ஜன்னல் சாத்துவதே இல்லை. என் அறைச் சுவரில் கூரைத் தண்ணீர் இறங்கிப் பூசணம் படர்ந்திருந்தது. அடுக்களைத் தரை எந்நேரமும் ஈரம். இந்த வீட்டில் காய்ந்த இடம் என்றால் பிற்பகல் வெயில் சுவரில் விழுகிற உன் அறை ஒன்றுதான்.

சூடு விளக்கை மாட்டினாய். ஜன்னலைச் சாத்தினாய். சுவரில் அந்தப் பெட்டியை ஆணி அடித்தாய். அப்புறம் நாற்காலியில் ஏறி நின்று, எட்டி, காற்றாடிச் சுவிட்சின்மேல் டேப் ஒட்டினாய். தவறிக்கூடப் போட்டுவிடக் கூடாதாம்.

"ஒனக்கு மூச்சு முட்டுமே அண்ணே. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"அவங்க எனக்குச் சொன்னாங்க. இவ டத்தோவுக்குச் சொல்றா. யாரு பெரிய ஆளு?"

"வெளையாடாதே. நீ கூடத்துல படு. காத்தாடி இருக்கு."

ஒரு நாள் கூடத்தில் படுத்தாய். காலையில் நான் காப்பி கொண்டுவந்தபோது பாய் சுருட்டிக் கிடந்தது. நீ உன் அறையில், கட்டிலின் ஓரத்தில், சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தாய். விலா எலும்பு ஒவ்வொன்றும் வேலை செய்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் உன் முதுகு முழுக்க வேர்வை. கீழே புல்லின்மேல் டத்தோ. அறையில் காய்ந்த புல் வாசனையும் உன் மருந்து வாசனையும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. எனக்கே தொண்டை காய்ந்தது. சுவரில் அந்தப் பெட்டி சிரித்துக்கொண்டிருந்தது.

"வேற யார்ட்டயாச்சும் குடுத்துருவோம் அண்ணே" என்றேன். "டாக்டரம்மாவையே கேப்போம். ஒரே அறையில நீயும் அதுவும் இருக்க முடியாது. அதுக்கு ஆகுற காத்து ஒனக்கு ஆகல."

நீ கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாய். பேச மூச்சு சேர வேண்டியிருந்தது.

"நான் போட்ட பொகை பாப்பா. அது உள்ளயேதான் கெடக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல."

"அதுக்காக?"

"அதுக்கு இருமத் தெரியாது. எனக்குத் தெரியுமே. நான் இருமிக்கிறேன்."

நான் காப்பியை உன் கையில் கொடுத்தேன். நீ அப்படிச் சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா கொடுத்துவிட்ட ஊசியைப் போடுகிற வேளை மட்டும் வீட்டில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. முன்னங்காலில் போட வேண்டும். அது காலை உள்ளே இழுத்துக்கொண்டால் இரண்டு பேர் சேர்ந்தும் வெளியே எடுக்க முடியாது. நீ ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "டத்தோ, ஒரே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிருங்க" என்று கெஞ்சுவாய். என்ன நினைக்குமோ, கொஞ்ச நேரத்தில் கால் மெல்ல வெளியே வரும். நான் பிடித்துக்கொள்வேன். குத்தி முடித்ததும் நீயும் அதுவும் ஒரே மாதிரி மூச்சு வாங்குவீர்கள்.

மெல்ல அதன் சத்தம் குறைந்தது. மூக்குக் குமிழ் நின்றது. ஒரு காலையில் செம்பருத்தி இலையை ஓரத்தில் கடித்திருந்தது. நீ அந்தப் பாதி இலையைக் கொண்டுவந்து அடுக்களையில் என்னிடம் காட்டினாய். வாய் பட்ட இடம் அரைவட்டமாக இருந்தது. "டத்தோவுக்குப் பசி வந்துருச்சு" என்றாய். அறைக்குத் திரும்பும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாய். நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரத்தில் உன் இருமலும் நின்றது.

முதலில் எனக்குத் தெரியவே இல்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வீடு என்னவோ புதிதாக இருக்கிற மாதிரி தோன்றியது. என்ன என்று யோசித்தேன். உன் அறையிலிருந்து சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"அண்ணனுக்குத் தேவலையா? சத்தமே காணோமே."

"தேவலை அக்கா. கேட்டுக்கிட்டே இருந்த இருமல், இப்போ சுத்தமா இல்ல."

"நல்லது லா. சாமி கண்ணைத் தொறந்துட்டாரு."

அன்று பிற்பகல் மழை கொட்டியது. நான் தேநீர் எடுத்துக்கொண்டு உன் அறைக் கதவைத் தோளால் தள்ளினேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாய். கழுத்தை நீட்ட முடிந்த மட்டும் முன்னால் நீட்டி, வாயை அகலத் திறந்திருந்தாய். சத்தம் இல்லை. உன் காலடியில் டத்தோ கண்ணைத் திறந்து, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததுபோலவே இருந்தது. தேநீர் என் கையில் கொட்டியது. சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

ஜன்னலைத் திறந்தேன். டேப்பைக் கிழித்துக் காற்றாடியைப் போட்டேன். நீ கையை ஆட்டினாய், வேண்டாம் என்று. என் காதை உன் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"இருமத் தெம்பு இல்ல பாப்பா" என்றாய். அவ்வளவுதான் வந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் காடியில்தான் போனோம். வழியெல்லாம் கண்ணாடியில் மழை. உன் தலை என் தோளில் கிடந்தது. நீ எதையோ சொல்ல முயற்சி செய்தாய். எனக்குப் புரிந்ததெல்லாம் ஊசி, சாயங்காலம், மறந்துடாதே என்பதுதான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உன் படத்தையும் வெளிச்சத்தில் காட்டினார்கள். எனக்கு விளக்கிச் சொல்ல வந்த டாக்டரிடம், கறுப்பு எங்கே என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்துவிட்டு, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். சின்ன இடம். இது ஒரு மாதத்தில் வந்ததல்ல, பல வருஷத்துத் தூசி, கல்லாக இறுகிவிட்டது, அதற்குமேல் இப்போது சளியும் சேர்ந்துகொண்டது என்றார். அறை புழுக்கமாக இருந்ததா, விளக்கு எரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் காற்று உன்னை முடித்ததா, அல்லது அது இல்லாவிட்டாலும் இதேதானா என்று எனக்குத் தெரியாது, அண்ணே. தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன்?

வார்டில் ஏர்கான் குளிர். முகத்தில் மாட்டியிருந்த குழாயை விலக்கி நீ ஒரு தடவை பேசினாய். "இங்க ரொம்பக் குளுரு. டத்தோவை இங்க கொண்டாந்துடாதே." தாதிப்பெண் யார் அந்த டத்தோ, சொந்தக்காரரா என்று மரியாதையாகக் கேட்டாள். உன் கண் சிரித்தது. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன் காரியம் எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு டாக்டரம்மா டத்தோவை மறுபடி படம் எடுத்தாள். இரண்டு பக்கமும் கறுப்பு. "அங்கிள் ஜெயிச்சுட்டாரு" என்றாள். அப்புறம்தான் என் வெள்ளைப் புடவையைப் பார்த்தாள். பாவம், அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஜாதி ஆமை நல்லபடியாக இருந்தால் நமக்கு அப்புறமும் ரொம்ப காலம் இருக்குமாம். போன மழையில் ஒரு தடவை நுரையீரல் கெட்டதால் ஒவ்வொரு மழைக்கும் கவனமாக இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு மழைக்கும் என்று அவள் சொன்னபோது எனக்கு இந்த ஊர் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் மழை இல்லாத மாதம் எது?

இப்போது நான் உன் அறையில்தான் படுக்கிறேன். கூடத்துக்கு மாறச் சொல்லி அக்கா திட்டுகிறார். ஆமைக்காக ஒரு ஆளை வாரிக் கொடுத்தது போதாதா, நீயும் போகணுமா என்கிறார். அவருக்கு என்ன சொல்வது? டத்தோவைக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். இன்று யாராவது வந்து கேட்டால் நான் வாசலை விட்டு நகர மாட்டேன். நீ உன் மூச்சைக் கொடுத்து வாங்கிய மூச்சு இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

மழை பிடித்துவிட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை குனிந்து பார்த்தேன். காலையில் வைத்த இலை அப்படியே கிடக்கிறது, ஓரம்கூடக் கடிபடவில்லை. விளக்குக்கு நேரே வந்து படுத்திருக்கிறது. மூக்கு இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் தலை உள்ளே இல்லை. கழுத்து கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. கொஞ்சம்தான். நாளைக் காலையில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோகக் கூடையில் துண்டை விரித்துவிட்டேன். அதுவரைக்கும் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை வார்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

கடைசியில் உன் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தூரம் அதிகமாகிக்கொண்டே போனது. ஒன்று வரும். நிற்கும். நான் என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். உன்னுடையது வந்ததும் என்னுடையதை விடுவேன். அப்படியே இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தோம், சின்ன வயதில் ஒரே சைக்கிளில் போன மாதிரி. ஒரு தடவை பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு முட்டியது. காது அடைத்தது. நான் விட்டுவிட்டேன். நீ விடவில்லை.

கூரையில் மழை இரைகிறது. இந்த இரைச்சலில் டத்தோவின் மூச்சு காதுக்கு எட்டாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் தெரிகிறது. முன்னங்காலும் கழுத்துத் தோலும் சேர்ந்து ஒரு தடவை உள்ளே போகும், மெல்ல வெளியே வரும். அப்புறம் ஒன்றும் இருக்காது. ரொம்ப நேரம் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் நான் வாயை இறுக மூடிக்கொள்கிறேன், அண்ணே. நெஞ்சு முட்டுகிறது. காது அடைக்கிறது. இந்தத் தடவை நான் முதலில் விடுவதாக இல்லை. அந்தக் கால் அசையட்டும்.